நாற்பத்தொன்றாம் கட்டம்

காலை ஆறு மணிக்கு டிரைவர் கொட்டகையைத் திறப்பான். சார்ஜரிலிருந்து ஆறு போன்களையும் கழற்றுவான். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். துணியால் திரையைத் துடைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அழைப்பு விடுத்து, மணி அடித்ததும் துண்டிப்பான். பிறகு டயரில் காற்று, பெட்ரோல் முள், முன் கண்ணாடி. கடைசியாக முதுகுப் பையின் வார்களை இழுத்துப் பார்ப்பான். அதற்குள் பை அக்கா வந்துவிடுவாள்.

"என்ன தம்பி, பிள்ளைங்க ஆறு பேரும் பால் குடிச்சாச்சா?"

"அஞ்சாவதுதான் கொஞ்சம் அழுதுச்சு. பேட்டரி சூடு."

"அது உன்னை மாதிரி. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சூடாயிடும்."

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பது வருடம் பேருந்து நிலையத்து வாசலில் குடை விரித்து சிம் கார்டு விற்றவள். குடைகளை எடுக்கச் சொன்ன பிறகு, விற்ற கம்பெனியிலேயே இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

கம்பெனி ஊர் முழுவதும் பழைய சிக்னலை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. அலுவலகச் சுவரில் பெரிய திரை. அதில் ஊர் நாற்பத்திரண்டு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. அகலமான சாலைகளில் கார் போகும். கார் நுழையாத சந்துகளில் ஆறு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா நடப்பாள். போன்கள் நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். புதிய சிக்னல் கிடைத்தால் பச்சை, கிடைக்காவிட்டால் சிவப்பு. நூற்றுக்கு எழுபத்தைந்து பச்சை வந்தால் கட்டமே பச்சை. கட்டம் பச்சையானால் அந்த வாரமே அங்கே பழைய சிக்னலை அணைத்துவிடுவார்கள்.

வண்டி நிற்கும்போது பதிவையும் நிறுத்த வேண்டும். நின்ற இடத்திலேயே புள்ளி குவிந்தால் கணக்கு கெட்டுப்போகும். சிவப்பு விளக்கு விழுந்ததும் டிரைவர் சொல்வான்.

"அமுக்கு அக்கா."

"அமுக்கிட்டேன்."

பதினோரு மாதத்தில் இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள் என்று தெரியாது. ஒருமுறை பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, போன் கடையா?" என்றான்.

"ஆமாம்பா. ஆறு போன் வச்சிருக்கேன். ஒருத்தனும் கூப்பிட மாட்டேங்கிறான்."

செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்றாம் கட்டம். அக்கா குடியிருக்கும் இடமே அதுதான். பெரிய சாலை, அதையொட்டி வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் பதினான்கு சந்துகள். சாலைகளைக் காரிலேயே நாற்பது நிமிடத்தில் முடித்தார்கள். எல்லாம் பச்சை. பிறகு டிரைவர் காரை ஓரம் கட்டினான். அக்கா பையை மாட்டிக்கொண்டாள். அன்று மட்டும் அவனும் கூட வந்தான். அவள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சந்து முனையிலேயே எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். அலுவலகங்களில் தரை துடைப்பவள்.

"ஏண்டி, ஊரெல்லாம் சுத்திட்டு எங்க சந்துக்கு வர உனக்குப் பதினோரு மாசமா?"

"வரிசையிலதான் வர முடியும். நீங்கல்லாம் கடைசி பெஞ்சு."

"வந்ததுதான் வந்தே, நல்லாக் குடுத்துட்டுப் போ. ஏஜெண்டு காலையில அஞ்சரைக்குக் கூப்பிடுறான். மூணு ரிங்குல எடுக்கலைன்னா அடுத்தவளைக் கூப்பிட்டுடுறான். அன்னிக்கு வேலை போச்சு. புதுசுல ஒரு அஞ்சு ரிங்காவது வருமா?"

"ரிங்கு ஏஜெண்டு கையில. சிக்னல்தான் எங்க கையில."

அந்தச் சந்துகளில் அறுபது பெண்களுக்கு மேல் அப்படி வேலைக்குப் போகிறவர்கள். போன மாதம் கம்பெனி வேன் வந்து எல்லோருடைய பட்டன் போன்களையும் வாங்கிக்கொண்டு புதுப் போன்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. புதுப் போன்கள் இப்போதைக்குப் பழைய சிக்னலில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா சந்து சந்தாக நடந்தாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். பின்னால் ஒரு சிறு கூட்டமே வந்தது. ஒருத்தி தன் போனில் புதிய சிக்னலின் குறியைத் தேடி, அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "இங்கே இல்லை" என்று அறிவித்தாள். அடுத்தவள், "இங்கேயும் இல்லை" என்றாள். மூன்றாமவள் ஒரு தண்ணீர் டிரம் மேல் ஏறி நின்று, "இருக்கு, இருக்கு, ஐயோ போச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கட்டடங்களின் பின்சுவர்கள் ஐந்து மாடி உயரத்துக்கு நின்றன. அரை மணி நேரத்தில் சந்துகள் முடிந்தன.

"சாப்பிட்டுட்டுப் போ. ஆக்கி வச்சிருக்கேன். இந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா, எலும்பு தெரியுது" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அக்காவின் வீடு இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. உள்ளே புழுக்கமாக இருந்ததால் வெளிப்படியில் உட்கார்ந்தார்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் டவர் நேராகத் தெரிந்தது. காற்று வந்தது. அக்கா பையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தாள். வேலை நாளில் அவள் சூடாகச் சாப்பிட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. காரில், மடியில் டப்பாவை வைத்து, ஒரு கை பொத்தானில் இருக்கத்தான் சாப்பிடுவாள். டிரைவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"போதும் அக்கா. கார் சீட்டுல உட்கார முடியாது."

"முடியலைன்னா டிக்கியில படுத்துக்கோ. நான் ஓட்டுறேன்."

எதிர்வீட்டுக்காரிக்குப் புரையேறியது. அக்கா அவள் தலையில் தட்டினாள். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அங்கே சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. அமுக்கு என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்தபோது நாற்பத்தொன்று பச்சையாக இருந்தது. திரையைக் கவனிக்கும் இளைஞனை எல்லோரும் மேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து நின்று கைதட்டினான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான்.

"எழுபத்தெட்டு அக்கா! எங்களுக்கே நம்பிக்கை இல்லை. இன்னும் ஒரே கட்டம். அடுத்த ஊர்ப் பட்டியலும் வந்தாச்சு. ரெண்டு வருஷ வேலை. ரெண்டாவது பேர் யாருன்னு பாருங்க."

திரையின் வலது ஓரத்தில் பட்டியல் இருந்தது. அக்கா தன் பெயரை வாய்விட்டுப் படித்தாள். டிரைவரின் பெயரும் கீழே இருந்தது. அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள். பிறகு வரைபடத்தின் அருகே போனாள்.

"எங்க சந்து எப்படி வந்திருக்குன்னு பெருசு பண்ணுங்க சார்."

அவள் அவனை அலுவலகத்தில் சார் என்பாள், வெளியே தம்பி என்பாள். மேப்பு கட்டத்தைப் பெரிதாக்கினான். பெரிய சாலையில் பச்சைக் கோடு. சந்துகளில் சிவப்புக் கோடுகள், ஏறக்குறைய எல்லாமே. சந்து முனையில் மட்டும் பச்சையாக ஒரு பெரிய உருண்டை.

"இது என்ன, கட்டி மாதிரி?"

"இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் புள்ளி அக்கா. ஒரே இடத்துல நாற்பத்தேழு நிமிஷம். ஊரிலேயே நல்லா சிக்னல் வர்ற இடம் அதுதான்."

"அது என் வீட்டுப் படி."

"அப்போ வாழ்த்துக்கள்."

அக்கா சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி, மூணு தடவை வாங்கித் தின்னியே" என்று டிரைவரின் முதுகில் அறைந்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டியை எடுத்துட்டா எவ்வளவு?"

மேப்பு தட்டிப் பார்த்தான். "அறுபத்துநாலு."

"பழைய சிக்னலை எப்போ அணைப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ சனிக்கிழமை காலையில சந்துல ஒருத்திக்கும் மணி அடிக்காது."

மேப்பு பிஸ்கட் பாக்கெட்டின் வாயை மடித்தான்.

"எடுத்துடுங்க சார் அதை."

"புள்ளியை அழிக்க முடியாது அக்கா. அழிச்சா என் வேலை போயிடும். மறுசோதனைப் படிவம் போடணும். சோதனையாளர் தவறுன்னு படிவம் போனா அடுத்த ஊருக்கு எடுக்க மாட்டாங்க. அது மேலிடத்து விதி." அவன் குரலைத் தாழ்த்தினான். "விடுங்க. ஆறு மாசத்துல அங்கே ஒரு சின்ன டவர் வைப்பாங்க. அதுவரைக்கும் எல்லாரும் காலையில உங்க படியில வந்து நிக்கட்டும்."

"அறுபது பேரு. படி தாங்காது சார். வீட்டு ஓனர் என்னையும் சேர்த்துக் காலி பண்ணச் சொல்வார்."

டிரைவரும் அவளும் கீழே டீ குடிக்கப் போனார்கள். அவள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். எதிரே ஒரு சுவரொட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை முதல் நகரம் முழுவதும் புதிய சிக்னல் என்று போட்டிருந்தது.

"நானும்தானே சொல்லலை அக்கா? அமுக்குன்னு சொல்றது என் வேலை. என் பேரையும் போடச் சொல்றேன்."

"உன் பேரைப் போட்டு என்ன பண்ணப் போறே? ரெண்டு பேரும் சேர்ந்து குடை விரிக்கவா? உனக்கு சிம் விக்கத் தெரியாது. வாயைத் திறந்தா வாடிக்கையாளர் ஓடிடுவாங்க."

"சிரிக்காதே அக்கா."

"அழுதா டீ உப்பாயிடும்டா."

அவள் கிளாஸைக் கழுவும் வாளியில் போட்டாள். "சந்துல அத்தனை பேரும் என் பின்னாடியே வந்தாளுங்க. இல்லை, இல்லைன்னு கத்திக்கிட்டே வந்தாளுங்க. அதைக் கேட்டுட்டுத்தானே மேலே போய் உட்கார்ந்தேன்" என்றாள். இருவரும் மறுபடி அலுவலகத்துக்குப் படி ஏறினார்கள்.

மேப்பு படிவத்தைத் திறந்தான். கட்டம், தேதி, சோதனையாளர் பெயர் மூன்றும் தானாகவே நிரம்பின. டிரைவர் பெயருக்கு இடம் இல்லை. டிரைவர் திரையருகே குனிந்து அதை இரண்டு முறை தேடினான். காரணம் என்ற இடத்தில் நான்கு இருந்தன: மழை, கருவிக் கோளாறு, சாலை அடைப்பு, சோதனையாளர் தவறு.

"மழைன்னு போடுறேன் அக்கா."

"நேத்து அடிச்ச வெயில்ல துணியெல்லாம் ஒரு மணி நேரத்துல காஞ்சு போச்சு. ஒத்துப்பாங்களா?"

"வானிலைக் கணக்கோட பார்ப்பாங்க. தள்ளிடுவாங்க." அவன் தாடையைச் சொறிந்தான். "கருவிக் கோளாறு?"

"அப்போ ஆறு போனையும் பரிசோதனைக்குக் கேட்பாங்க."

"ஒரு வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை அணைஞ்சிடும். எதைப் போட்டா இன்னிக்கே நடக்கும்?"

மேப்பு நான்காவதைக் காட்டினான்.

"அதைப் போடுங்க. இன்னிக்கே மறுபடி நடந்துடுறேன். நிக்காம நடக்கிறேன்."

"அக்கா, இன்னொரு தடவை யோசிச்சு..."

"போடுங்க சார்."

அவன் அழுத்தினான். சுவரில் நாற்பத்தொன்று பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. வலது ஓரத்துப் பட்டியலில் இரண்டாவது வரி காணாமல் போனது. கீழே இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஒரு படி மேலே ஏறின. டிரைவரின் பெயரும் ஏறியது. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் திறந்தது. தவறு என்ன, சுருக்கமாக விவரிக்கவும் என்றது. அதற்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது.

மேப்பு விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"என்னன்னு எழுதட்டும் அக்கா?"

அவள் பையைத் தோளில் மாட்டி, வாரை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

"சாப்பிட்டேன்னு எழுதுங்க, சார்."