காதடிச் செட்டை

"தொட்டுப் பாரும், கடியாது," என்று என் மனிதர் விலாங்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பின்னால் துள்ளியதில் தலையில் இருந்த மண் தாச்சி சரிந்து சேறு தோளில் வழிந்தது. குளத்துக்குள் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கடியாது என்று சொன்ன மனிதரின் பெருவிரலடியில் அப்போதுதான் கடி விழுந்திருந்தது.

நாரந்தனையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குளம் அது. ஆவணி வெயிலில் தண்ணீர் வற்றியதும் நடுக்குளத்தை மெசின் கிண்டியது. மெசின் ஏறினால் கட்டு உடைந்துவிடும் என்று கட்டோரத்தைக் கிண்ட எங்களைக் கூப்பிட்டார்கள். ஆம்பிளைகள் வெட்ட, நாங்கள் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவோம். தண்ணீர் வற்றும்போது விலாங்கு கட்டோரப் பொந்துகளில் புகுந்துகொள்ளும். ஒரு பொந்தைக் கண்டால் போதும், என் மனிதர் தியாகலிங்கத்துக்கு மண்வெட்டியில் புத்தி நிற்காது. அன்றும் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டார். "ஆ, கடிச்சுப்போட்டுது," என்று இழுத்தார். விரலடியில் இரண்டு சின்னப் புள்ளி. இரத்தம்கூடச் சரியாய் வரவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பவும் கையை விட்டார். இந்தமுறை விலாங்கு வந்தது. என் கைமொத்தம், மஞ்சள் வயிறு, பிடித்த கையை முறுக்கிக்கொண்டு நெளிந்தது.

"கடிச்ச ஆளைப் பிடிச்சிட்டன்," என்றார்.

எனக்கும் அவருக்கும் விலாங்கு ஒரு பழைய வழக்கு. கலியாணமாகி நெடுங்காலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்ந்துதான் தர்சனா பிறந்தாள். அதிலிருந்து நான் பாம்பு உருவில் இருக்கிற எதையும் குசினிக்குள் எடுப்பதில்லை. அவர் விலாங்கு பிடித்தால் சிவக்கொழுந்து அக்கா வீட்டில் கொடுத்துக் கறியாக்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வருவார். "அது மீனப்பா" என்பார். "பாம்பு" என்பேன். தர்சனா இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். இந்த வழக்குக்கும் அவளுடைய வயதுதான்.

அன்றைக்கு அதைத் தீர்த்துவிடுவது என்று அவர் முடிவெடுத்திருக்க வேண்டும். தேத்தண்ணிக்கு எல்லாரும் குளக்கட்டுக்கு ஏறியபோது, பூவரசு நிழலில் வாளியை வைத்து, அதற்குள் விலாங்கை விட்டு, என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"பாம்பெண்டால் நாக்கை நீட்டும். இது நீட்டுதோ?"

"இல்லை."

"பாம்புக்குச் செதில் சரசரக்கும். இதைத் தடவிப் பாரும், சளி. வாலைப் பாரும். மேலையும் கீழையும் நாடா வைச்சுத் தைச்ச மாதிரிச் செட்டை ஓடுது."

"தண்ணிப் பாம்புக்கும் உப்பிடி இருக்குமாக்கும்."

"விசர்க்கதை கதையாதையும். இஞ்ச, இந்தக் காதடியைப் பாரும். எந்தப் பாம்புக்குக் காதடியில செட்டை இருக்கு?"

"தியாகு, உவளுக்குப் படிப்பிக்கிறதை விட விலாங்குக்குப் படிப்பிக்கலாம்," என்றாள் சிவக்கொழுந்து அக்கா. "கெதியெண்டு தாவன், புளி விட்டு வைப்பம்."

அவர் என் விரலைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். தலைக்குப் பின்னால், இரண்டு பக்கமும், மெல்லிசாய் ஒன்று விரிந்து மூடியது. பிறந்த அன்று தர்சனாவின் காது அப்படித்தான் இருந்தது, தொட்டால் மடங்குகிற மாதிரி. நான் கண்ணைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லும். மீனோ, பாம்போ?"

எனக்கு மனம் வந்துவிட்டது. வாய் வரவில்லை. இத்தனை காலம் பிடித்த பிடியை எல்லாருக்கும் முன்னால் எப்படி விடுவது? "யோசிச்சுச் சொல்லுறன்," என்றேன்.

சோறு தின்னும்போது வயிற்றைப் பிடித்தார். "என்னத்தைக் கறிக்குள்ள போட்டனீர்?" என்றார். கத்தரிக்காய் என்றேன். கொஞ்ச நேரம் மரத்தில் சாய்ந்திருந்துவிட்டு, "இராசமணி, நீர் ரெண்டாத் தெரியிறீர்," என்றார்.

"ஒருத்தியோடையே உனக்கு ஏலாது, பிறகு ரெண்டோ?" என்றாள் சிவக்கொழுந்து அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரிக்கப் போனார். வாய் ஒரு பக்கமும் போகவில்லை. கண் இமை இரண்டும் பாதியில் நின்றன. வெயிலில் நித்திரை தூங்குகிற ஆள் மாதிரி இருந்தது. பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலால் தன் இமையைத் தானே மேலே தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தார். கை சோர்ந்து மடியில் விழுந்தது. இமையும் விழுந்தது.

ஜெகதீஸின் ஓட்டோ வந்தது, தூக்கி ஏற்றினது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பாம்போ பூச்சியோ, கடித்ததைக் கொண்டுபோனால்தான் டொக்டருக்கு மருந்து தெரியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆரோ வாளியைத் தூக்கி என் காலடியில் வைத்தார்கள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தலை என் தோளில் கிடந்தது. குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் தண்ணீர் அலம்பி என் பாதத்தை நனைத்தது.

டொக்டர் தர்சனாவின் வயதுப் பிள்ளை. என் மனிதரின் கண்ணைப் பார்த்ததுமே சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். "என்ன கடிச்சது அம்மா?"

நான் வாளியைக் காட்டினேன். டொக்டர் குனிந்து பார்த்தார். பிறகு என் மனிதரின் கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் வாளியைப் பார்த்தார்.

"இது விலாங்கு."

"ஓம், டொக்டர். காதடியில செட்டை இருக்கு. நானே தொட்டுப் பார்த்தனான்," என்றேன். அதைச் சொன்னால் என் மனிதர் எழும்பிவிடுவார் போல எனக்கு இருந்தது.

"அம்மா, விலாங்குக்கு விசம் இல்லை. அது கடிச்சால் தோல் உராய்ஞ்ச மாதிரி இருக்கும். இது ரெண்டு பல்லு. கடிச்சது பாம்பு. நீங்கள் பாம்பைக் காணேல்லையோ?"

"பொந்துக்குள்ள இதுதான் இருந்தது."

"இது மட்டும்தான் இருந்தது எண்டு ஆர் பார்த்தது?"

ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒரு பொந்துக்குள் ஒன்றுதான் இருக்குமோ என்று குளம் முழுக்க நின்ற எங்களில் ஒருத்தருக்கும் கேள்வி வரவில்லை. விலாங்கு கையில் வந்தது, விலாங்குதான் கடித்தது என்று முடித்துவிட்டோம். அதற்குச் செட்டை இருக்கிறதா இல்லையா என்று நிழலில் இருந்து நான் தடவிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவருடைய உடம்புக்குள் விசம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

சுவரில் பாம்புப் படங்கள் ஒட்டியிருந்தன. நான் தர்சனாவோடு சேர்ந்து அரிவரி படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். டொக்டர் கையை வைத்த படத்தின் கீழே க, ட், டு, வி, ரி, ய, ன் என்று இருந்தது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம். "அநேகமா இதுதான். இது கடிச்சால் பெரிசா நோகாது. வயித்துக் குத்து வந்ததோ?" என்று கேட்டார். கத்தரிக்காய் என்று சொன்ன என் வாயை நான் பொத்திக்கொண்டேன்.

வெளியில் ஜெகதீஸ் போனில் கத்திக்கொண்டிருந்தான். "குளத்துக்குள்ள நிக்கிற ஆக்களை வெளியில எடுங்கோ! ஒருத்தரும் பொந்துக்குள்ள கை வைக்க வேண்டாம்!"

மருந்து ஏற்றினார்கள். மூச்சு இழுக்க முடியவில்லை என்று தொண்டைக்குள் குழாய் விட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக அம்புலன்சில் ஏற்றினார்கள். தர்சனாவை அங்கே வரச் சொல்லியிருந்தது. நேர்ஸ் பிள்ளை தலைமாட்டில் இருந்து ஒரு ரப்பர் பையை அமத்தி அமத்தி விட, அவருடைய நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. உயிர் அந்தப் பிள்ளையின் கைக்குள் இருந்தது. கால், கை, முகம் எதிலும் அசைவு இல்லை.

"ஏதும் கதையுங்கோ அம்மா," என்றது அந்தப் பிள்ளை. "அசையத்தான் ஏலாது. காது கேக்கும். விளங்கும்."

எல்லாம் கேட்டிருக்கும். டொக்டர் சொன்னது, நான் குழறினது, எல்லாம். மண்கும்பான் தாண்டினோம். அம்மனைக் கூப்பிட வாயெடுத்தேன். பேர் வரவில்லை. எந்த உருவில் அவள் இருக்கிறாள் என்று இனி எனக்குத் தெரியாது.

பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வந்தது. நான் குனிந்து, அவர் செய்த மாதிரியே சுட்டுவிரலால் அவருடைய வலது இமையைத் தள்ளிப் பிடித்தேன். இமை சூடாக இருந்தது. என் விரலில் விலாங்கின் சளி வாசம் இன்னும் போகவில்லை.

"மீன்தானப்பா," என்றேன். "நான் யோசிச்சிட்டன். மீன்தான்."

நேர்ஸ் பிள்ளை பையை அமத்தியது, விட்டது. திறந்து பிடித்த கண்ணுக்குள் யன்னல் தெரிந்தது. யன்னலுக்குள் கடல், வெள்ளையாய், ஒரே ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் விரலை எடுக்கவில்லை.