அந்தரத்தில் துரை

ஆனைக்கே அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். குதிரைக்குச் சறுக்கினால் மட்டும் தெருவே கூடி நின்று வாயைப் பிளக்கிறது. மழையில் வழுக்கிய இறக்கத்தில், மாவு மூட்டை ஏற்றிய வண்டியோடு துரை விழுந்தது. வண்டி பிழைத்தது, மூட்டைகள் பிழைத்தன, துரையின் வலது முன்னங்கால் எலும்பில்தான் விரிசல்.

துரை, வண்டிக்காரருக்கு மூத்த பிள்ளை மாதிரி. அவர் மனைவிக்கோ சக்களத்தி. ஆண் குதிரைதான், இருந்தாலும் சக்களத்திதான். "என்னை ஒரு நாளாவது அப்படித் தடவிக் கொடுத்திருப்பாரா இந்த மனுஷன்?" என்று அவள் கேட்காத ஆள் தெருவில் கிடையாது. அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள். கோணியூசி என்று பேர் வைத்திருந்தார்கள். தொழிலுக்காக வைத்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்காக வைத்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியும்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தாள். சின்ன வயசுப் பெண், ஆனால் பேச்சில் கறார்.

"முழுசா உடையல, விரிசல்தான். கட்டுப் போட்டுடறேன். ஆனா இவ்வளவு கனத்தை மூணு கால் தாங்காது. வயித்துக்கு அடியில பட்டை கொடுத்து மேலேருந்து தாங்கிப் பிடிக்கணும். அந்த மாதிரி இடம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. தெருக்கோடியில் லாரி ஷெட். லாரி என்ஜினையே அலேக்காகத் தூக்கும் செயின் பிளாக் அங்கே உத்தரத்தில் தொங்கியது. ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மெக்கானிக், கோணியூசியின் கூடப் பிறந்த அண்ணன். அங்கேதான் சிக்கல்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மெக்கானிக் ஒரு பழைய வேனை வாங்கி, பிரித்து மேய்ந்து, பெயின்ட் அடித்துத் தங்கை வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். "மாப்ள, குதிரைய வித்துடு. இனிமே இதுல போ" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். வண்டிக்காரர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு பிடி புல்லை எடுத்து அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "மச்சான், சாப்பிட மாட்டேங்குதே!" என்றார். தெரு கொல்லென்று சிரித்தது. அன்றோடு சரி, பேச்சு வார்த்தை இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை. நடுவில் கோணியூசிதான் தபால்காரி.

அவள் ஷெட்டுக்குப் போய் நின்றாள். "அண்ணே, துரை சாகக் கிடக்கு" என்றாள். சட்டென்று வாசல் பக்கம் திரும்பி, அண்ணன் பார்க்காதபடி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சக்களத்திக்காக அழுகை வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். "கொண்டு வரச் சொல்லு. குதிரைக்காகத்தான். அந்த ஆளுக்காக இல்ல."

கோணியூசி இரட்டைத் தார்ப்பாயை மடித்து, நடுவே சோபா பஞ்சு வைத்து, ஒரே மூச்சில் பட்டை தைத்தாள். துரையை லாரியில் ஏற்றி வந்து, பட்டையைக் கட்டி, செயினில் மாட்டினார்கள். பாதிக் கனம் காலில், பாதி பட்டையில். டாக்டர் இரண்டு ஆண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கோணியூசியிடம் சொன்னாள்.

"கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும். நான் போன்ல சொன்னதும் தினம் செயின்ல ஒரு கண்ணி இறக்குங்க. வலிக்கும், முனகும். பாவம் பாக்காதீங்க. கனம் விழ விழத்தான் எலும்பு உறுதியாகும். நான் அடுத்த தடவை வரும்போது இது நாலு காலையும் ஊன்றி நிக்கணும். நிக்கலேன்னா பட்டையிலேயே புண் வெச்சு அழுகிடும். அப்புறம் மருந்து கொடுத்து ஒரேயடியா தூங்க வைக்கறதைத் தவிர என்கிட்ட வேற வழி இல்ல."

வண்டிக்காரர் துரையின் காதைப் பொத்தினார்.

அன்று முதல் வண்டிக்காரருக்கு ஷெட்டே வீடு. மெக்கானிக்குக்கு அது ஏற்கெனவே வீடு மாதிரிதான். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு பேசாமல் இருக்கவும் முடியவில்லை, பேசினால் கௌரவமும் போய்விடும். ஆகவே இரண்டு பேரும் குதிரையிடம் பேசினார்கள்.

"துரை, இங்க புல்லைக் கொட்டினா என் ஸ்பேனர் எல்லாம் எங்க போகும்னு கேளு" என்பார் மெக்கானிக்.

"துரை, உன் தலைமாட்டுல சுத்தியலால அடிச்சா உனக்குத் தலை வலிக்குமா வலிக்காதா, சொல்லிடு" என்பார் வண்டிக்காரர்.

துரை இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கேரட் தின்றது. தன் வேலையைக் குதிரை பிடுங்கிக்கொண்டதில் கோணியூசிக்குப் பரம திருப்தி.

டாக்டர் போனில் சொன்ன நாளிலிருந்து மதியச் சாப்பாட்டைக் கொண்டு வரும்போது அவள் ஒரு கண்ணி இறக்குவாள். துரை முனகும். பல்லைக் கடித்துக்கொண்டு, புது வைக்கோலைக் காலடியில் பரப்பிவிட்டுத் தையலுக்குத் திரும்பி விடுவாள். வைக்கோல் மெத்தை நாளுக்கு நாள் உயர்ந்தது. துரையும் நாளுக்கு நாள் தேறியது. முனகல் நின்றது. கண்ணில் ஒரு சொகுசு வந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்த பெரிய மனுஷன் மாதிரி லேசாக ஆடவும் செய்தது.

"அண்ணே, துரை வளர்ந்திருக்கா என்ன? முன்னெல்லாம் என் தோளுக்குத்தானே இருந்தது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"தின்கிற தீனிக்கு வளராதா?" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டார். அப்போதே அவளுக்குத் தட்டியிருக்க வேண்டும்.

டாக்டர் வருகிற நாள் வந்தது. இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று பழைய வைக்கோலையெல்லாம் வாரிவிட்டு, கோணியூசி பெருக்க ஆரம்பித்தாள். துடைப்பம் துரையின் இடது பக்கம் நுழைந்து, நாலு குளம்புக்கும் அடியில் தாராளமாகப் போய், வலது பக்கம் வெளியே வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். குதிரைக்கும் பூமிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"அய்யய்யோ! அண்ணே! ஏங்க! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

வந்தார்கள். பார்த்தார்கள். பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

"தினம் ஒரு கண்ணி நான் எறக்கறேன். இது எப்படி மேல போச்சு? றெக்கையா முளைச்சிருக்கு?"

வண்டிக்காரர் துரையின் பிடரியைப் பார்த்துச் சொன்னார். "துரை, அவகிட்டச் சொல்லு. சாயங்காலம் நீ முனகும்போது எனக்கு மனசு கேக்கல. ஒரே ஒரு கண்ணிதான் ஏத்தினேன். அவ எறக்கினதை ஏத்தினேன், அவ்வளவுதான்."

மெக்கானிக் துரையின் வாலைப் பார்த்துச் சொன்னார். "துரை, காலையில ஷெட்டைத் திறக்கறப்ப நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நானும் ஒரே ஒரு கண்ணிதான். அதோட, ரிப்பேருக்கு வந்த வண்டியோட சக்கரம் தரையில பட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். பழகின கை."

"படுபாவிங்களா!" என்றாள் கோணியூசி. "ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசியிருந்தா இந்தக் கதி வருமா? நீங்க பாவம் பாத்தே அதைக் கொன்னுட்டீங்களே!" துடைப்பத்தைத் தரையில் அடித்தாள். பிறகு மூலையில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அழுது இரண்டு ஆண்களும் பார்த்ததில்லை. திட்டினால் தாங்குவார்கள், இதைத் தாங்கத் தெரியவில்லை.

டாக்டர் வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கட்டைப் பிரித்து, காலைத் தடவி, அழுத்திப் பார்த்தாள்.

"எலும்பு ஒட்டியிருக்கு. ஆனா கால்ல பலம் இருக்கான்னு இப்போ எறக்கினாதான் தெரியும். சரிஞ்சுதுன்னா..." மீதியை அவள் சொல்லவில்லை. தன் பையைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அது துரையின் கண்ணில் படாதபடி வண்டிக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

மெக்கானிக் செயினைப் பிடித்தார். வண்டிக்காரர் துரையின் தலையை அணைத்துக்கொண்டார்.

"துரை, எறக்கலாமான்னு கேளு."

"துரை, மெதுவான்னு சொல்லு."

செயின் கடகடவென்று இறங்கியது. பின்னங்கால்கள் தரையைத் தொட்டன. இடது முன்னங்கால் தொட்டது. வலது கால் பட்ட மாத்திரத்தில் மடங்கியது. துரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மச்சான்! நிறுத்து மச்சான்!"

"பிடிச்சுட்டேன் மாப்ள! நீ தலைய விடாத!"

கோணியூசி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"யாரும் தொடாதீங்க. அதுவா ஊன்றட்டும்" என்றாள் டாக்டர். "செயினை அப்படியே கட்டிட்டு ரெண்டு பேரும் தள்ளி வாங்க."

துரை நடுங்கியது. காலை வைத்தது, எடுத்தது. வயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. வண்டிக்காரரை ஒரு பார்வை பார்த்தது. அவர் அசையவில்லை என்றதும் தலையைத் திருப்பி மெக்கானிக்கைப் பார்த்தது. யாரை எப்படிப் பார்த்தால் காரியம் நடக்கும் என்று இத்தனை நாளில் அதற்கு மனப்பாடம். இரண்டு பேர் கையும் செயினை நோக்கிப் போயின.

வண்டிக்காரர்தான் முதலில் சுதாரித்தார்.

"மச்சான், என் கையைப் பிடிச்சுக்கோ. இல்லேன்னா நான் ஏத்திடுவேன்."

"நீ என் கையைப் பிடி மாப்ள. நானும் ஏத்திடுவேன்."

நாலு கையும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. கிரீஸும் வைக்கோலும் ஒட்டிய கைகள். துரை மறுபடி முனகியது. இரண்டு ஆண்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்கள். கோணியூசி மூடவில்லை. குளம்பு தரையில் படுவதை, பதிவதை, முழங்கால் நடுங்கி நடுங்கி நேராவதை, பட்டை மெல்லத் தளர்ந்து வயிற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விழுவதை அவள் பார்த்தாள். டாக்டர் தன் பையை மூடினாள்.

"ஏங்க... அண்ணே... கண்ணைத் திறங்க. நின்னுடுச்சு."

திறந்தார்கள். துரை நாலு காலில் நின்று, இந்தக் கும்பலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல் காலி வாளியை முகர்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"அதான் நின்னுடுச்சே, கையை விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் கோணியூசி.

"இரு தங்கச்சி, இப்போதானே நின்னிருக்கு" என்றார் மெக்கானிக். "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."