பேராசிரியரின் இருபது கட்டுகள்

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலுள்ள எழுபத்தொன்றாம் எண் சேகரத்தைப் படிப்பவர்களுக்குப் பசிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும், இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கை நடுங்கிக் கண் இருட்டிக்கொண்டு வரும். அது தேதியிட்ட பசி. காகிதத்தின் தலைப்பில் எந்த நாள் குறிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த நாளில் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு போர்க்கால ஊருக்கு எவ்வளவு பசித்ததோ அவ்வளவு பசி வாசகருக்கும் எடுக்கும். ரொட்டியின் அளவைக் குறைத்த அறிவிப்புகளில் அது கூடும். மாவு வண்டி வந்து சேர்ந்த நாட்களில் சற்றே தணியும். இச்சேகரத்துக்குப் பட்டியல் எழுத மூன்று பேர் அடுத்தடுத்து அமர்த்தப்பட்டார்கள். முதலாமவர் இரண்டாம் கட்டின் மேலேயே மயங்கி விழுந்தார். இரண்டாமவர் மூன்றாம் வாரத்தில் வேலையை விட்டுவிட்டு ரொட்டிக்கடை திறந்தார்; இன்று அவருக்கு நான்கு கிளைகள். மூன்றாமவர் மேசை இழுப்பறையில் பிஸ்கட் வைத்திருந்த குற்றத்துக்காக நீக்கப்பட்டார். பணியாளர் பற்றாக்குறையால் பட்டியல் நிறைவுறவில்லை என்று காப்பகத்தின் ஆண்டறிக்கை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தை அச்சிட்டு வந்தது.

அந்தக் காகிதங்களுக்கு உரியவர் வடிவியல் கற்பித்த பேராசிரியர். 'சின்னவள்' என்று அவர் அழைத்த ஒரே மகளுக்கு நான்கு வயதானபோது, நிவாரணச் சங்கம் ஒன்றின் ஊழியராகக் கப்பலேறினார். கையெழுத்து மணிமணியாக இருந்ததால் உணவு அட்டை வழங்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் வீட்டுக்குக் கடிதம் வந்தது. மூன்றாம் ஆண்டில் பதினோரு மாதங்கள் ஒரு வரிகூட வரவில்லை. பிறகு பாதி உடம்பாக அவரே வந்து நின்றார். ஏன் எழுதவில்லை என்று மனைவி கேட்டதற்கு, "எழுதினேன்" என்றார். மனைவி தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதிவேட்டைப் புரட்டச் செய்தார். அந்தப் பதினோரு மாதங்களில் கப்பல் எதுவும் தவறவில்லை, தபால் பை எதுவும் தொலையவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்ட பேராசிரியர் மறுபடியும் "எழுதினேன்" என்றார். வகுப்பறையில் எதையும் நான்கு படிகளில் நிறுவிக்காட்டுகிற மனிதர், வீட்டில் நிறுவ மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருவரும் வாழ்ந்தார்கள். இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவர் தம் காகிதங்களை இருபது கட்டுகளாகக் கட்டி, வீட்டில் யாரையும் கேட்காமல், காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மகள் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரம், எண்பத்துநான்கு வயதான தாய் அவரைக் கட்டிலருகே அழைத்தார்.

"சும்மாதானே இருக்கே? போய் அந்தக் கட்டுகளைப் பாரு. நான் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"அப்பா பொய் சொல்ல மாட்டாரும்மா."

"அப்ப கடிதாசுக்குக் கால் முளைச்சு வேற வீட்டுக்குப் போயிடுச்சா? பொய்யின்னா பொய்யின்னு வந்து சொல்லு. நிம்மதியா திட்டிட்டுக் கண்ணை மூடிடுவேன்."

காப்பாளரை எல்லோரும் 'கையுறை' என்றே குறிப்பிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய வெறுங்கையைக் கண்டவர் இல்லை. மூன்றாம் ஆண்டுக் காகிதங்கள் மட்டும் போதும் என்று மகள் கேட்டபோது அவர் வருத்தத்துடன் தலையை ஆட்டினார்.

"வரிசைப்படிதான் மேடம். பட்டியல் இல்லாத சேகரத்துல நடுவுல கை வைக்கக் கூடாது. ஒரு கட்டை முழுசாப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்தது."

"பட்டியல் ஏன் சார் இல்ல?"

"எழுத வந்தவங்க முடிக்கல."

"ஏன் முடிக்கல?"

"பசிச்சுதாம்."

"எனக்கும் பசிக்குமே?"

"அது வாசகரோட சொந்த விஷயம் மேடம். அதுக்கு விதி கிடையாது."

உணவுக்கு மட்டும் விதி இருந்தது. வாசிப்பறைக்குள் தின்பண்டம் எதுவும் கூடாது. ஆகவே மகள் ஒரு பக்கம் படிப்பார், மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், ஏட்டில் வெளியேறும் நேரம் குறிப்பார், சாலையைக் கடந்து சிற்றுண்டிச்சாலைக்குப் போவார். சாப்பிட்டுத் திரும்பியதும் கை கழுவவேண்டும், பையைச் சோதனைக்குத் தரவேண்டும், உள்நுழையும் நேரம் குறிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பக்கங்கள் தேறின. காப்பகம் வாரத்தில் நான்கு நாள்தான் திறந்திருக்கும். வெள்ளையடித்தபோது ஒரு மாதமும் இருப்புச் சரிபார்த்தபோது ஆறு வாரமும் அதுவும் இல்லை. சிற்றுண்டிச்சாலைக்காரி, அவர் சாலையைக் கடக்கும் நடையைப் பார்த்தே தட்டை எடுத்துவைக்கப் பழகிக்கொண்டாள்.

"இன்னிக்கு எந்தத் தேதிக்கா?"

"மாவு வண்டி வரலைம்மா. பாலத்தை உடைச்சிட்டாங்க."

"ஐயையோ! அப்ப ரெண்டு தட்டு."

ஒரேயொரு ரொட்டித் துண்டைப் பையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மகள் காப்பகக் குழுவுக்கு விண்ணப்பித்தார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: ரொட்டித் துகளுக்குப் பூச்சி வரும், பூச்சி காகிதத்தைத் தின்னும். "பூச்சி தின்னுறதுக்கு முந்தி நானே தின்னுடுவேன் போலிருக்கு சார்" என்று கையுறையிடம் சொல்லிவிட்டு இரண்டாம் விண்ணப்பத்தை எழுதினார். பசிக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, இவர் நன்றாகச் சாப்பிடுகிறார், ஆரோக்கியமாக இருக்கிறார் என்று சான்றளித்தார். அந்தச் சான்றின் அடிப்படையிலேயே விண்ணப்பம் தள்ளப்பட்டது. மூன்றாவதில், தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டுக்கொடுத்தால் போதும் என்று கேட்டார். ஆவணம் நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று பதில் வந்தது. நான்காவது விண்ணப்பம் உரிய படிவத்தில் இல்லையென்று திரும்பி வந்தது. உரிய படிவம் எது என்று கேட்ட ஐந்தாவதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாய் கட்டிலிலிருந்து, "கிடைச்சுதா?" என்று கேட்பார். "இன்னும் எட்டாம் கட்டுதாம்மா" என்பார் மகள். "உங்க அப்பாவுக்கு இன்னமும் என்னைக் காக்கவைக்கிறதுல ஒரு சந்தோஷம்" என்று தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இது மனப்பிரமை என்றே கையுறை நம்பிவந்தார். காகிதங்களைச் சுமந்தாரே தவிர ஒருநாளும் படித்ததில்லை. பன்னிரண்டாம் கட்டில், மகள் ஒரே முற்பகலில் ஐந்து முறை எழுந்துபோனதைப் பொறுக்கமாட்டாமல், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நின்றபடியே ஒரு பக்கத்தைப் படித்தார். ரொட்டி பாதியாகக் குறைக்கப்பட்ட அறிவிப்பு அது. படித்து முடித்தவர் பழுதுபார்க்கும் அறைக்குப் போனார், கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்தார், கிழிந்த தாள்களை ஒட்டுவதற்காகக் காய்ச்சி ஆறவைத்திருந்த கோதுமைப் பசையை ஒரு கிண்ணம் முழுவதும் வழித்துத் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மகள் ஆவலுடன் நிமிர்ந்தார்.

"இப்பவாவது ஒரு ரொட்டித் துண்டு, சார்?"

"விதி இருக்கே மேடம்" என்றார் கையுறை. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

இரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாயில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பத்தொன்பதாம் கட்டு மேசைக்கு வந்தது. மேலே ஒரு குறிப்பு இருந்தது. "அட்டை அச்சிடக் காகிதம் தீர்ந்தது. அட்டை இல்லாதவருக்கு உணவில்லை என்பது கிடங்கின் விதி. விலக்குக் கேட்டு எழுதிய ஐந்து விண்ணப்பங்களுக்கும் மறுப்பு வந்துவிட்டது. பட்டியலில் சேராத குடும்பங்கள் பதினாறு. ஊழியருக்குக் கடிதம் எழுத வாரம் இரண்டு தாள் தருகிறார்கள். ஒரு பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் ஊருக்கு." கீழே ஒரே அளவாக, மயிரிழை பிசகாமல் வெட்டப்பட்ட சிறு அட்டைகள் வாரவாரியாகக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும் ஏழு வட்டங்களும் இருந்தன. வட்டத்துக்கு ஒரு நாள், நாளுக்கு ஒரு துளை. ஏழாம் நாள் அட்டையைத் திருப்பித் தந்து அடுத்ததைப் பெறவேண்டும். மகள் ஓர் அட்டையைப் புரட்டினார். பின்புறத்தில் தந்தையின் கையெழுத்தில் 'சின்னவளுக்குச் செரு' என்றிருந்தது. அடுத்ததில் 'ப்பு ஒரு அளவு பெரிதாக வாங்கு' என்றிருந்தது. அன்று எடுத்த பசிபோல் அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு எடுத்ததில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல் அந்த வாரத்தின் பதினாறு அட்டைகளையும் மேசைமேல் பொருத்தினார். மாடி ஜன்னலின் கொக்கியை மழைக்கு முன் மாற்றச் சொல்லியும், சின்னவளுக்குப் பல் விழுந்ததா என்று கேட்டும் எழுதப்பட்ட முழுக் கடிதம் ஒன்று, நடுநடுவே துளைகளுடன், அவர் முன் கிடந்தது. வாரத்துக்கு ஒன்றாக நாற்பத்தேழு கடிதங்கள். எழுநூற்று ஐம்பத்திரண்டு அட்டைகளில் நாற்பத்தொன்று திரும்பி வரவில்லை. அவை ஏன் வரவில்லை என்பதைப் பேராசிரியர் எங்கும் எழுதவில்லை.

அன்று வெள்ளிக்கிழமைவரை மகள் காத்திருக்கவில்லை.

"எழுதியிருக்கார்ம்மா. ஒரு வாரம் விடல. அப்புறம் அந்தத் தாளையே வெட்டி, அட்டை இல்லாதவங்களுக்கு உணவு அட்டையாக் குடுத்துட்டார்."

தாய் எழுந்து உட்கார்ந்தார். "வெட்டினாரா?"

"தாளுக்கு எட்டு."

"எனக்கு எழுதினதை?"

"ஆமாம்மா."

"பாவி மனுஷா! நம்ம வீட்டு ஜன்னல் கொக்கி வரைக்கும் ஊர் முழுக்கக் கையில வெச்சுச் சுத்தியிருக்கு. இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்? முப்பது வருஷம்டி!" முன்னைவிடக் கோபம் கூடியிருந்தது. "செருப்பை எடு. என்னைக் கூட்டிட்டுப் போ."

பதிவுப் படிவத்தில் ஆய்வின் நோக்கம் என்ன என்று கையுறை கேட்டார். "எனக்கு வந்த கடிதாசு. தாமதமா வந்திருக்கு. நோக்கம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்றார் தாய். வாசகர் வகைகளில் மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என்று மூன்றுதான் அச்சாகியிருந்தன. கையுறை மூன்றையும் அடித்துவிட்டு 'கடிதத்துக்கு உரியவர்' என்று எழுதினார். பணிக்காலத்தில் அவர் படிவம் ஒன்றைத் திருத்தியது அந்த ஒருமுறைதான்.

தாய்க்குப் பசிக்கவில்லை. முதல் கடிதத்தை விரலால் தடவித் தடவிப் படித்து முடித்தவர், பேச்சுச் சத்தமே கூடாத அந்த அறையில் நிறைவாக ஓர் ஏப்பம் விட்டார். இரண்டாவதிலும் அப்படியே. மதியம் மகள் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்தபோது, "வயித்துல இடமில்ல, நீ போ" என்றார். மூன்றாவது கடிதத்தில் ஒரு மூலை இல்லை. 'உன்னிடம் நேரில் சொல்ல முடியாமல் வந்த ஒன்று' என்பதோடு வரி அறுந்திருந்தது.

"சரியா அந்த இடத்துலயா போகணும்? தேடிப் பாருங்க சார், கீழ விழுந்திருக்கும்."

"திரும்பி வராத அட்டைம்மா அது" என்றார் கையுறை. கட்டின் அடியில் இருந்த, எண்ணுக்குரிய குடும்பங்களைக் குறித்த பேராசிரியரின் ஏட்டைப் புரட்டி, அந்த எண்ணுக்கு நேரே இருந்ததை வாசித்துக் காட்டினார். ஒரு பெண், இரண்டு குழந்தைகள்.

தாய் மேசையில் இருந்த வெற்றிடத்தை விரலால் ஒருமுறை தடவினார். "சரி. அவங்களே வெச்சுக்கட்டும்."

மறுநாளும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். நாற்பத்தேழையும் முடித்து முதலிலிருந்து தொடங்கினார். துளை விழுந்த இடங்களில் கணவரைத் திட்டுவதும், மூலை இல்லாத இடங்களில் அந்த எண்ணுக்குரிய குடும்பத்தை விசாரிப்பதும் வழக்கமாயிற்று. மற்ற வாசகர்களுக்கு இன்றும் பசிக்கிறது. சிற்றுண்டிச்சாலைக்காரி உதவிக்கு இன்னொருவரை அமர்த்தியிருக்கிறாள். தாய்க்கோ மூன்று மாதத்தில் ஆறு கிலோ எடை கூடிவிட்டது. இந்த வயதில் இது இதயத்துக்கு ஆகாது என்று மருத்துவர் கண்டித்து, ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார். கையுறை அதை முத்திரையிட்டுப் பத்தொன்பதாம் கட்டின் மேலட்டையில் கோதுமைப் பசையால் ஒட்டிவைத்திருக்கிறார்: நாளொன்றுக்கு ஒரு கடிதம், காலையில் மட்டும்.