குன்னத்துக் கடல்

குன்னத்து வேணியின் செல்போனிலிருந்து கடல் தண்ணீர் கசிய ஆரம்பித்தது சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருஷத்தில். காலையில் எடுத்துப் பார்த்தபோது வைத்திருந்த மாடக்குழி முழுக்க ஈரம். தொட்டு நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விட்டாள்.

போனில் இருந்தவை எல்லாம் கல் படங்கள். காட்டுக்குப் போகும் வழியில், மழை அரித்த ஓடைக்கரையில், எந்தக் காலத்திலோ கடலில் ஊர்ந்தவை இறுகிக் கல்லாகிப்போன நத்தைக்கற்கள் சுருள் சுருளாகக் கிடக்கும். மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். வேணி குந்தி உட்கார்ந்து, தூசியை ஊதிவிட்டு, வெயில் சாய்வாக விழும் பக்கம் பார்த்துப் படம் எடுப்பாள். கல்லைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். "ஆளுங்கள எடுக்காம கல்லப் போய் எடுக்கிறியே" என்று கூட வருபவர்கள் சிரித்தால், "கல்லு கண்ண மூடாதுல்ல" என்பாள். அவள் புருஷன் செல்லப்பன் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற வேலையில் வெடிச்சத்தத்துக்குக் காதைப் பறிகொடுத்தவன். தன் குரலே தனக்குக் கேட்காததால் பேசப் பிடிக்காமல் வாயையும் மூடிக்கொண்டான். பிறகு வாசலைத் தாண்டுவதையும் விட்டுவிட்டான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த ஜெயப்பிரகாஷ் போனைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து மணலும் ஒரு இறால் குஞ்சும் விழுந்தன.

"கடலுக்குள்ள போட்டுட்டீங்களாக்கா?"

"குன்னத்துல ஏதுங்க கடலு?"

அவன் இறாலை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டான். "போன் நல்லாத்தான் இருக்கு. படத்துலேர்ந்துதான் ஒழுவுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் போனைத் துடைக்கக் குனிந்த செல்லப்பன் நிமிரவில்லை. அதைக் காதோடு அழுத்திக்கொண்டான். "அலை அடிக்குதுடி" என்றான், தெருவுக்கே கேட்கும்படி. வருஷக்கணக்காகப் பேசாத குரல் கரகரத்தது. வேணி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, இது பெரிய அலை, இது பொடி அலை என்று கண்ணீரோடு சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் கேட்கக் கேட்கத் தண்ணீரும் பெருகியது. வாசலில் இறங்கி, தெருவைக் கடந்து, அவன் அண்ணன் தங்கராசுவின் வெங்காயக் காட்டுக்குள் புகுந்தது. தாள் நுனிகள் கருகின. தங்கராசு கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றுதான் கேட்டார்.

"படத்த அழிச்சிடும்மா. வெங்காயம் போச்சுன்னா நாங்க என்னத்தத் திங்கிறது?"

"அழிச்சா இவருக்கு மறுபடி ஒண்ணும் கேக்காது மாமா."

"கேக்காமயே இத்தினி வருஷம் இருந்துட்டான்ல?"

உதடுகளைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்ட செல்லப்பன், போனை வேணியின் கையில் வைத்தான். "அழிச்சிடு. அண்ணன் வூட்டுச் சோறு போயிடும்."

அவள் கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவனும் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கூடவே வந்தான். புல்கூட முளைக்காத ஓடைப் பள்ளத்தில் போனை ஒரு கல்மேல் வைத்துப் படங்களைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பழகிய வீட்டுக்கு வந்ததுபோலப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுத்த மழை தங்கராசுவின் காட்டு உப்பைக் கழுவிவிட்டது.

இப்போது ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போகிற பஸ்ஸில் குன்னத்துக்காரர்கள் ஏறுவதில்லை. இங்கேயே முழுக்குப் போட்டுக்கொள்கிறார்கள். ஆழம், இறங்காதே என்று பஞ்சாயத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். தங்கராசு வெங்காயத்தோடு நெத்திலியும் விற்கிறார். வேணி அலை ஒதுக்கும் சோழிகளைப் படம் எடுக்கிறாள். செல்லப்பன் பகலெல்லாம் கரையில்தான். அலையைத் தவிர அவனுக்கு வேறெதுவும் கேட்காது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். போன தை மாதம் ஒரு மத்தியானம், அவன் முதுகைப் பார்த்தபடி வந்த வேணி, பழக்கத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஏங்க, சாப்பிட வாங்க!"

அவன் திரும்பாமலே சொன்னான். "கத்தாத வேணி. கேக்குது."