மடியாளுக்குக் கை கிடையாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, "ஓ, சொந்தக் கதையா" என்று உதட்டைப் பிதுக்குவதைவிட அது மேல். என் அண்ணன் செத்துப்போனான். அவன் சாவதற்கு முன்பே நான் சாவுக்கு ஒரு தெய்வத்தைச் செய்து வைத்திருந்தேன், விளையாட்டுக்காக. இரண்டும் மோதிக்கொண்ட இடத்தில் இந்தக் கதை நிற்கிறது. இதை எழுதினால் ஏதாவது தெளியும் என்று நினைத்தேன். இதுவரை தெளியவில்லை.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஆதியில் மடியாள் மட்டுமே இருந்தாள். அவளுடைய மடியில்—"

[கைவிட்டது. உலகம் படைக்கக் கிளம்புகிற எல்லோரும் 'ஆதியில்' என்றுதான் ஆரம்பிக்கிறோம். சுத்த சோம்பேறித்தனம்.]

"என் அண்ணன் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு—"

[கைவிட்டது. அடுத்த வினைச்சொல் என்னவென்று தெரியும். எழுத வரவில்லை.]

"ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வந்து மணியை அடித்தார்."

இதை வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

2

பெரிய கட்டடங்களில், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். நீங்கள் ஒருமுறைகூட நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். அதை வரைபவன் நான். நாள் முழுக்கப் பச்சை அம்புக்குறி போடுகிற ஒருவனுக்கு வேறு ஏதாவது உலகம் தேவைப்படாதா? அப்படித்தான் அந்த ஆட்டம் பிடித்துப்போனது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வாயாலேயே இன்னொரு உலகத்தில் நடமாடுகிற ஆட்டம் அது. ஒருவர் மாஸ்டர். ஊர், மழை, கடவுள், காவல்காரன், கழுதை, எல்லாவற்றுக்கும் அவர்தான் குரல். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதவை உடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் இருபது முகப் பகடையை உருட்டுவார். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும், சின்ன எண் விழுந்தால் தோள்பட்டை.

நான் மாஸ்டர். ஆட வந்தவர்கள் மூன்று பேர். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், நாற்காலி கிறீச்சிட்டால்கூட மன்னிப்புக் கேட்கிற ஆள், கோடரி தூக்கிய ராட்சசனாக ஆடினார். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். அங்கேயும் ரத்தம், இங்கேயும் ரத்தமா என்று சலித்துக்கொண்டே வைத்தியச்சி ஆனார். அண்ணன் பூட்டுடைப்பான். பயந்தாங்கொள்ளி. எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான், திறந்ததும் மற்றவர்களை முதலில் உள்ளே அனுப்புவான்.

உலகத்தை வரைவது எளிது. மலையைப் போட்டால் ஆறு தானாக வரும், ஆற்றங்கரையில் சண்டை தானாக வரும். தெய்வங்கள்தான் பாடாய்ப் படுத்தும். ஒவ்வொரு தெய்வத்திடமும் நான் மூன்று கேள்வி கேட்பேன். உனக்கு என்ன வேண்டும்? எதற்குக் கோபம் வரும்? உன்னால் எது முடியாது? மூன்றாவதற்குப் பதில் இல்லாத தெய்வத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். எல்லாம் செய்ய முடிந்த கடவுள் வந்து உட்கார்ந்தால் ஆட்டம் அன்றோடு செத்தது. பாதியில் விட்ட வேலைகளுக்கு ஒரு தெய்வம் செய்தேன். அவன் கோயிலுக்குக் கூரை கிடையாது, போட்டால் கோபித்துக்கொள்வான். எதிரொலிகளின் அரசன் என்று ஒருவன். அவனால் பேச்சைத் தொடங்க முடியாது.

மடியாளை அலுவலகத்தில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் செய்தேன். சாவின் தெய்வம். அவள் யாரையும் பறிப்பதில்லை. செத்தவர்கள் அவள் மடியில் வந்து விழுகிறார்கள், அவ்வளவுதான். அவளுக்குக் கை கிடையாது. ஆகையால் விழுந்த எதையும் அவளால் எடுத்துத் திருப்பித் தர முடியாது. இந்த விதியை நினைத்து அன்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. ஓர் ஆளையும் கெட்டவராக்காமல் சாவை இறுக்கிப் பூட்டிவிட்டேன் என்று.

"கை இல்லன்னா, மூக்கு அரிச்சா என்ன பண்ணுவா?" என்று கேட்டான் அண்ணன்.

[இது அண்ணன் சொன்னது. உறுதி.]

3

அண்ணன் போன பிறகு சில மாதம் யாரும் மேசைப் பக்கம் வரவில்லை. பிறகு மருந்துக்கடைக்காரர்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அண்ணிக்கும் ஒரு மாற்றமாக இருக்கும் என்றார். சரி என்றோம். உட்கார்ந்த பிறகுதான் யோசித்தோம், பூட்டுடைப்பானை என்ன செய்வது?

இந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் நின்றுவிட்டால் அவருடைய பாத்திரத்தைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிடுவோம். கப்பலேறினான், மாமனார் வீட்டுக்குப் போனான் என்று ஏதாவது சொல்லிக் கதையை நகர்த்துவோம். மருந்துக்கடைக்காரர் கப்பல் என்றார். நானும் தலையாட்டினேன்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தவங்க எங்க போவாங்களோ அங்க அனுப்பு தம்பி. உன் உலகத்துல அதுக்கு ஒரு இடம் இருக்குல்ல?"

அனுப்பினேன். பூட்டுடைப்பான் மடியாளின் மடியில் விழுந்தான். அண்ணி தன் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சரி. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கும் ஆசையாக இருந்தது.

4

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குரல். போனில் அம்மாவே ஏமாந்துபோவாள். நான் மாஸ்டர், அண்ணன் வெறும் பாத்திரம், ஆளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினோம் என்பதால் மேசையில் அதை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

வைத்தியச்சி சாம்பல் சமவெளியைக் கடந்து, மடியின் விளிம்பில் இறங்கி, பூட்டுடைப்பானைக் கண்டாள். ஆளில்லாத பாத்திரத்துக்கு மாஸ்டர்தானே பேச வேண்டும்? பேசினேன். "ஏன் இவ்ளோ லேட்டு?"

அண்ணி தலைகுனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்து நிறுத்தப் பார்த்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் அழுகை இல்லை, சிடுசிடுப்பு இருந்தது. "பஸ்ஸு கிடைக்கல. நீங்க மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்களா என்ன?" என்று கணவனிடம் சண்டைக்குப் போனார். மந்திர உலகத்தில் ஏது பஸ் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். மடி பெரியது, வழி நீளம், பேச நிறைய இருந்தது. சில வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் ஆடறது ஆட்டம் இல்ல தம்பி. நடுவுல நான் உக்காந்திருக்கறது நல்லா இல்ல." அவருக்குக் கோபம் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது. அதோடு அவர் வரவில்லை.

அண்ணியின் அக்கா வேறு ஊரில் அவருக்கு ஒரு நல்ல வேலை பார்த்து வைத்து, வா, என்னோடு வந்து இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அண்ணி அதைத் தட்டிக்கழித்தார். காரணம் என்னிடம் மட்டும் சொன்னார், சிரித்துக்கொண்டே. "ஞாயித்துக்கெழம எப்படி வர்றது?"

5

இந்தப் பகுதியைத்தான் எழுதாமல் இருக்க முடியுமா என்று பார்த்தேன்.

ஒருநாள் ஆட்டத்தில் எனக்கு வார்த்தை தீர்ந்துபோனது. அண்ணன் சொல்லியிருக்கக்கூடியது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். அவன் அதிகம் பேசுகிறவனும் இல்லை. அண்ணி காத்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். "உன்ன முதல்ல பாத்தப்ப நீ மழையில நனைஞ்சுட்டு நின்னே. குடைய நீட்ட வெக்கமா இருந்துச்சு. அதனால நானும் மடக்கிட்டு நனைஞ்சேன்."

[இது நான் எழுதியது. உறுதி.]

நல்ல வரி. அதுதான் அதில் உள்ள கோளாறு. அண்ணன் நல்ல வரி பேசமாட்டான். அண்ணியை அவன் முதலில் பார்த்தது பரிசோதனைக் கூடத்தில். ரத்த மாதிரிகள் வைக்கிற ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்கப் போயிருந்தான். "டோர் ரப்பர் போயிருச்சு. சும்மா சும்மா திறக்காதீங்க மேடம்" என்றான். அதுதான் அவர்கள் காதலின் முதல் வாக்கியம். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் யார் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் அண்ணி இதைச் சொல்லிக் கேலி செய்வார்.

போன மாதம் அண்ணியின் அக்கா வந்திருந்தார். நான் அண்ணி வீட்டுச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் அண்ணி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மழை, குடை, வெட்கம். அவர் மடக்கிவிட்டு நனைந்தார். எந்தத் தெரு என்றுகூடச் சொன்னார். நான் தெரு எதுவும் சொல்லவே இல்லை.

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அக்கா போன பிறகு, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன். "அண்ணி, முதல்ல பாத்தது உங்க லேப்லதானே? ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தார். என்னை ஏமாற்ற யோசிக்கவில்லை. உண்மையாகவே தேடினார்.

"எனக்கு ரெண்டும் ஞாபகம் இருக்கு தம்பி."

6

[இங்கே ஒரு கட்டுரைத்தனமான பத்தி இருந்தது. படைப்பவன், படைப்பு, நினைவு என்று பெரிய பெரிய வார்த்தைகளாக. எடுத்துவிட்டேன்.]

எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் அதில் இருந்த விஷயம். அண்ணன் ஒருமுறைதான் செத்தான். நான் ஞாயிறுதோறும் அவன்மேல் வேறு ஒருவனைப் பூசிக்கொண்டிருக்கிறேன். பூசப்பட்டவன் அண்ணனைவிட நன்றாகப் பேசுகிறான், அண்ணியிடம் அன்பாகவும் இருக்கிறான். நிஜமானவன் அவனோடு போட்டிபோட முடியாது. அவன் ஆட்டுக்குட்டி மாதிரி ஓரத்துக்குப் போய்விடுவான்.

இந்தக் கதையும் அதைத்தான் செய்கிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் இரண்டு இடத்தில் 'உறுதி' என்று போட்டேன். திரும்ப மேலே போய்ப் பார்க்கிறேன். மூக்கு அரிச்சா என்ன பண்ணுவா என்று கேட்டது அண்ணனா, மருந்துக்கடைக்காரரா? அண்ணன்தான். அண்ணனாகத்தான் இருக்க வேண்டும்.

[ஏறக்குறைய உறுதி.]

7

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வந்து மணியை அடித்தார்.

இன்றோடு முடித்துவிடுவது என்று இருந்தேன். முடிக்க எனக்குக் கஷ்டமே இல்லை. மடியாளுக்குக் கை கிடையாது. வைத்தியச்சி அவள் முன் போய் நின்று புருஷனைக் கேட்பாள். தெய்வம் தன்னால் முடியாது என்று சொல்லும். கருணையோடு, கௌரவமாக. அண்ணி அழுவார். பிறகு அக்கா ஊருக்குக் கிளம்புவார். அந்த வசனத்தைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

வைத்தியச்சி வந்து நின்றாள். கேட்டாள். நான் மடியாளின் குரலில் சொன்னேன். "கொடுக்க எனக்குக் கை இல்லை, மகளே."

அண்ணி தலையாட்டினார். "தெரியும். அதான் உன் விதி." பிறகு என்னைப் பார்த்து, ஏதோ அலுவலக விஷயம் பேசுகிற குரலில் சொன்னார். "அவளுக்குக் கை இல்ல. எனக்கு இருக்கு. நான் எடுத்துக்கறேன்."

தீப்பிடித்தால் ஓட வழி வரைகிற தொழில்காரன் நான். இந்த வழி என் கண்ணில் படவே இல்லை. மடியாளால் திருப்பித் தர முடியாது என்றுதான் எழுதியிருந்தேன். யாரும் எடுக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. இதைக் கேட்டிருந்தால் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பான். [தெரியவில்லை.]

அண்ணி பகடையை மேசை நடுவில் எல்லாரும் பார்க்க உருட்டினார். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். பெரிய எண். எந்த விதிப்படி பார்த்தாலும் தூக்கிவிட்டார்.

இப்போது முடிவுகள்.

பூட்டுடைப்பான் எழுந்து வருகிறான். அண்ணி ஜெயித்துவிட்டார். நான் வாழ்நாள் முழுக்க ஞாயிறு மதியங்களில் என் அண்ணன். அண்ணி எந்த ஊருக்கும் போகமாட்டார். சில வருடத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவன் இருந்தது எங்கள் இருவருக்குமே மறந்துவிடும்.

அல்லது வருகிறான், பேச்சு மட்டும் வரவில்லை. குரல் மடியில் தங்கிவிட்டது என்று சொல்லலாம். அழகான முடிவு. நான் தப்பித்துக்கொள்வேன். தப்பித்துக்கொண்டேன் என்பது அண்ணிக்கு உடனே தெரிந்துவிடும்.

அல்லது அவனே சொல்கிறான், நான் வரல, நீ போ, உன் அக்காகிட்ட போய் நல்லா இரு. சரியான முடிவு இதுதான். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அண்ணன் அவரை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தையை நான் அவன் வாயில் வைத்தால், அண்ணிக்கு அதுவும் ஞாபகம் இருக்கும். அவன் சொன்னதாகவே ஞாபகம் இருக்கும்.

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எனக்குக் கேட்பதெல்லாம் என் குரல்.

8

அண்ணி இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி, ஒரு ஆளை ஏந்துகிற மாதிரி வைத்திருக்கிறார். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்கிறார். என்னிடம் இல்லை. என்னை 'வாங்க' என்று அவர் கூப்பிட்டதே கிடையாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் பேசமாட்டேன். வாயைத் திறந்தால் வருவது அவன் குரலாக இருக்கும், அவர் நம்பிவிடுவார். உங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் எப்படிப் பேசுவான் என்று நீங்கள் கேட்டதில்லை. அவனுக்காகப் பேசுகிற இந்த வேலைக்கு உங்களிடம் உள்ள தகுதி அது ஒன்றுதான், என்னிடம் அதுவும் இல்லை.

அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருக்கும். தயவுசெய்து ஏதாவது சொல்லுங்கள்.