படத்தில் இல்லாத மணியோசை

போனின் விலாவில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானை நகத்தால் மேலே தள்ளினேன். அசையவில்லை. இத்தனை வருடம் கீழேயே கிடந்து அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. மைக்கைத் துடைக்க வைத்திருக்கும் பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு மறுபடி தள்ளியதும் டக்கென்று ஏறிக்கொண்டது. திரையில் ஒரு மணியின் படம் வந்து மறைந்தது. அவ்வளவுதான். ஆனால் ஏதோ உறங்கும் நாயின் வாலை மிதித்தவன்போல நான் போனை மேசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன்.

நான் ஒலிப்பதிவாளன். வெளிமொழித் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. பெரிய இடங்களில் பேசுகிறவர் ஒரு அறையிலும் பதிவு செய்கிறவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரே அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகள், ஜன்னலுக்கு இரட்டைத் திரை, நடுவில் மைக், கைக்கெட்டும் தூரத்தில் என் மேசை. பதிவு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம். பசியில் என் வயிறு சத்தம் போட்டு ஒரு காதல் காட்சியே கெட்டுப்போனதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் போனுக்கு என்ன மரியாதை இருக்கும்? வேலைக்குச் சேர்ந்த அன்று சைலன்டில் போட்டதுதான். அதிர்வுகூடக் கிடையாது. மேசை அதிர்ந்தால் மைக்குக்கு லாரி போகிறமாதிரி கேட்கும். வீட்டுக்குப் போனாலும் அதை மாற்றத் தோன்றியதில்லை. நாள் முழுக்கக் காதுக்குள் ஆட்கள் அழுது சிரித்துச் சண்டை போட்டு ஓய்ந்தபிறகு, இன்னொரு சத்தத்துக்கு என்னிடம் இடமில்லை. வேண்டியவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள், இல்லையென்றால் எழுதிப்போடுவார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள். அக்கா மூன்றையும் செய்துபார்த்துவிட்டு எனக்கு 'ஊமை' என்று பெயர் வைத்தாள். அவள் போனில் என் எண் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அக்கா கணக்கு டீச்சர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு ஒருநாள் டயாலிசிஸ், மறுநாள் வகுப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாள். அவள் எதிரில் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டோம். அதுவும் அவளுக்குத் தெரிந்துபோய், "குடிங்க, நான் கண்ண மூடிக்கிறேன்" என்பாள். என் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். பொருந்தவில்லை. மாமாவுடையதும் ஆகாது என்றுவிட்டார்கள். கடைசியில், முகம் தெரியாத யாரோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் அந்த நேரத்திலும் மனம் வைத்தால்தான் உண்டு என்று ஆயிற்று. அதற்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் அக்காவும் நின்றாள்.

எந்த நேரமும் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மருத்துவமனையில் உறுப்பு தானத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். யாருடைய எண்ணைக் கொடுப்பது? அக்கா வகுப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டயாலிசிஸ் கட்டிலில் தூங்கிப்போவாள். மாமா லாரி ஓட்டுகிறவர், மலைப்பாதையில் ஏறினால் சிக்னல் செத்துவிடும். மிச்சம் நான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போயும் போயும் ஊமை கையிலயா என் உசுரு இருக்கணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆரம்பத்தில் சைலன்டை எடுக்காமலே சமாளிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு டேக் முடிந்ததும் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். ஒரு மதியம் மாமியார் மருமகள் சண்டை ஒன்று நீண்டுகொண்டே போனது. முடித்துவிட்டுப் பார்த்தால் மருத்துவமனை எண்ணிலிருந்து ஒரு தவறிய அழைப்பு. திருப்பி அழைத்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மா, எண் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்றார். அவர் கோபப்படவில்லை. இதுதான் அந்த அழைப்பாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் பிரஷ்ஷைத் தேடியது.

பொத்தானை ஏற்றியாகிவிட்டது. இனி ரீடேக் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டுடியோவின் மூத்த குரல் அவர். அம்மா, மாமியார், நீதிபதி, பேய் எல்லாம் அவரே. முதுகுக்குப் பின்னால்தான் ரீடேக் அம்மா, நேரில் மேடம். நாங்கள் நன்றாக இருக்கிறது என்று கும்பிட்ட டேக்கையும் இன்னொருதரம் என்பார். ஒருமுறை முதலாளியின் நாற்காலி கிறீச்சிட்டதற்கு அன்று மாலைவரை அவரை நின்றுகொண்டே வேலை பார்க்க வைத்தார். அவரிடம் போய், இந்த அறைக்குள் சத்தத்தோடு ஒரு போன் இருக்கப்போகிறது என்று எப்படிச் சொல்வது? அக்காவின் கதையை இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. எரிந்து விழப்போகிறார் என்று நான் நிற்க, அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"எப்படி அடிக்கும்? ஒருதரம் போட்டுக் காட்டுங்க தம்பி."

எனக்கே தெரியவில்லை. வாங்கியபோது அதில் என்ன இருந்ததோ அதுதான். முதலாளி தன் போனிலிருந்து அழைத்தார். மூன்று சுரம் ஏறி, ஒன்று இறங்கி, கொஞ்சம் நின்று மறுபடி ஏறும் ஒரு சாதாரண மணி. கடையிலும் பஸ்ஸிலும் எத்தனையோ பேர் போனில் கேட்டிருப்பேன், என்னுடையதும் அதுதான் என்று தெரியாமலே. மேடம் கண்ணை மூடிக்கொண்டு, வசனத்தை மனப்பாடம் செய்யும்போது உட்கார்வதுபோல உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "சரி" என்று எழுந்து மைக் முன்னால் போய் நின்றார்.

அறைக்குள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் ஜன்னல் விளிம்பு ஒன்றுதான். போன் அங்கே, இரட்டைத் திரைக்குப் பின்னால் குடியேறியது. அதற்கு வாய் வந்ததும் வந்தது, உலகத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் என் நினைவு வந்துவிட்டது. கடன் வேண்டுமா என்றார்கள். யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் மோட்டார் சரிசெய்ய எப்போது வருவாய் என்று என்னைத் திட்டினார். ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வரும். மேடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வசனத் தாளில் ஆரம்பத்துக்குத் திரும்பிப்போய், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்குவார். யாரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேனோ அவருக்கு இத்தனை பொறுமை எங்கே இருந்தது என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

அப்புறம் அழைப்புகள் ஓய்ந்தன. நாட்கள் நகர்ந்தன. அக்காவின் முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டமாட்டேனென்கிறது என்றாள்.

அன்று காலை எடுத்தது ஒரு கனமான காட்சி. கோபித்துக்கொண்டு அறைக்குள் பூட்டிக்கொண்ட மகள். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பேசும் அம்மா. நீண்ட பேச்சு, நடுநடுவே மௌனம். மேடம் குரலை உயர்த்தவே இல்லை. ஹெட்போனில் அது என் காதுக்கு அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. இதை எப்படியும் இன்னொருதரம் என்பார், அதற்குள் நன்றாகக் கேட்டுக்கொள்வோம் என்று நான் லயித்திருந்தேன். அப்போது தூரத்தில் ஒரு போன் அடித்தது. மூன்று சுரம் ஏறி, ஒன்று இறங்கி. மூலப் படத்தில் பக்கத்து வீட்டில் போன் அடிக்கிறது போலிருக்கிறது, எவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அந்த முகம் தெரியாத ஒலிப்பதிவாளனை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆமாம், மெச்சிக்கொண்டேன்.

மேடம் கடைசி வரியில் இருந்தார். "அவசரமில்லம்மா. நீ வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்." 'அவசரமில்ல' என்ற இடத்தில் குரல் தடுக்கியது, 'இங்கயே'வில் உடைந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. திரையில் அந்த அம்மாவின் உதடு மூடியதோ இல்லையோ, மேடம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, போன்."

நான் உதட்டில் விரல் வைத்து, ஷ் என்றேன். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரீடேக் அம்மாவை வாயை மூடச் சொன்ன ஒரே ஆள் இந்த ஸ்டுடியோவில் நான்தான்.

அவர் ஹெட்போனைக் கழற்றி வீசாத குறையாக வைத்துவிட்டு, தன் முழங்கால் வலியையும் மறந்து ஜன்னலுக்கு ஓடினார். திரையை விலக்கிப் போனை எடுத்துவந்து என் கையில் திணித்தார்.

"படத்துல போனே இல்ல தம்பி. இது உங்களது. எடுங்க."

ஒருங்கிணைப்பாளர் அம்மாதான். ஒன்று கிடைத்திருக்கிறது, அக்காவுக்குப் பொருந்தும்போல் தெரிகிறது, வந்ததும் ரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்வார்கள், உடனே அழைத்து வாருங்கள், வெறும் வயிற்றோடு வரட்டும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். அழைப்பு முடிந்தபிறகும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். மேடம் அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அலுவலகத்தார் போய்ச் சொல்ல, அக்கா வகுப்பிலிருந்து வராந்தாவுக்கு வந்தாள். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற முன்பின் தெரியாத அம்மாவைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"நீயா எடுத்த?"

"இல்லக்கா. இவங்கதான் எடுக்கவச்சாங்க."

அக்கா மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைத் தூள் அவர் புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையில் எங்களை இறக்கிவிட்டுப் போகும்வரை மேடம் அதைத் தட்டிவிடவே இல்லை.

ரத்தம் பொருந்திவிட்டது என்றார்கள். அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். மாமா லாரியைப் பாதி வழியில் நண்பரிடம் விட்டுவிட்டு எப்படியோ அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். வராந்தாவின் மறுகோடியில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. யாரும் அழவில்லை, அழுது முடித்திருந்தார்கள். ஒரு பெண் நெஞ்சோடு ஒரு பையை அணைத்துப் பிடித்திருந்தாள். பைக்குள் ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. சிறுநீரகத்தைக் கொடுத்தது அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது, சொல்லவும் மாட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர்கள் எங்களைக் கடந்து போய் வாசல் வழியாக மறையும்வரை அப்படியே நின்றோம். யாராக இருந்தாலும் சரி, எங்கள் வீட்டில் விளக்கு எரிவது உங்களால்தான் என்று மனதுக்குள் சொன்னேன். பக்கத்தில் மாமாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

அக்கா தேறிவர மாதங்கள் ஆயின. இதற்கிடையே ஸ்டுடியோவில் அந்தக் கதவுக் காட்சியைத் திரும்ப எடுக்க மேடம் வந்து நின்றார். பேசினார். அருமையாகத்தான் இருந்தது. முதலாளி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு, பழையதே இருக்கட்டும் என்றார். மணியோசை இருக்கிறதே என்றேன். பக்கத்து வீட்டில் போன் அடிக்கக் கூடாதா என்றார். இன்னொருதரம் என்று மேடம் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, "அந்தக் குரல் மறுபடி வராது தம்பி" என்று கிளம்பிவிட்டார்.

அந்தத் தொடர் ஒளிபரப்பானபோது அக்கா வீட்டில் இருந்தேன். அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீர். டாக்டர் இப்போது நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். மகள் கதவைச் சாத்தினாள், அம்மா தரையில் உட்கார்ந்தாள், மேடத்தின் குரல் அறையை நிறைத்தது. அக்கா உதட்டுக்கு டம்ளரைக் கொண்டுபோனாள். அப்போது தூரத்தில், பக்கத்து வீட்டில், அது அடிக்கத் தொடங்கியது.

"டேய், உன் போன் அடிக்குது பாரு."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, தெரிந்தே சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது. அக்கா தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் இங்கேவரை கேட்டது.