கொடி ரத்தம்

பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டிக் குப்பையில் போடுகிறார்களே, அதில் மிஞ்சியிருக்கும் ரத்தத்துக்காக அழகுமீனா நாலு ஊர் அலைந்தாள். பதினாறு ஏக்கரும் மூன்று கிணறும் உள்ள மொக்கைச்சாமி வீட்டு மருமகள், பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களின் வீடு வீடாக ஏறிப் பிள்ளைத்தாச்சிகளிடம் கையேந்தினாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மகள் சொர்ணலட்சுமிக்கு ஆறு வயது. ரத்தப் புற்று. வீட்டில் யாருடைய மஜ்ஜையும் பொருந்தவில்லை. கொடி ரத்தமென்றால் பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உடம்பு ஏற்கும் என்றார் மதுரை டாக்டர். சேமித்து வைக்கும் இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்துப் பெண்கள் பிரசவத்தின்போது கொடுத்தால் சோதித்துப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு என்று சொல்லிவிட்டார்.

இருபத்திரண்டு பேர் கொடுத்தார்கள். இருபத்தோரு பை சேரவில்லை. சேர்ந்தது எம். புதுப்பட்டி ரோஜாவின் பை. அவள் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுகிறவள். அவளுடைய மாமனார் சீனிச்சாமி, மொக்கைச்சாமியின் தோட்டத்தில் நாற்பது வருஷம் கூலிக்குக் கிடந்தவர். அந்த வீட்டு வாசல்படி ஏறாமலே செத்துப்போனார்.

சென்னையிலிருந்து பை வந்திருக்கிறது என்று அழகுமீனா வீட்டில் பொய் சொன்னாள். ரோஜாவிடமும் போய், வெளியே சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். போகவும் செய்தாள். ரோஜா காபி போட்டுக் கொடுத்தாள், மகனைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். உயிர் கொடுத்தவளிடம், நீ கொடுத்தது யாருக்கும் தெரியக்கூடாது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே திரும்பி வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவில், ரோஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொக்கைச்சாமி வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா எப்படி இருக்குக்கா? ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எம் மகன் ரத்தம் பாப்பாவுக்குச் சேந்துருச்சுன்னு கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா. இனி இவனுக்கும் ஒரு அக்கா இருக்கான்னு வீட்டுக்காரர்ட்ட சொன்னேன்."

மொக்கைச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். ரோஜாவிடம் எதுவும் கேட்கவில்லை. மருமகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்காவா? அந்த அளவுக்கு ஆயிப்போச்சா?"

ரோஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு வந்த வழியே போனாள்.

மொக்கைச்சாமி டாக்டருக்குப் போன் போட்டார். வீட்டார் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏத்துன பெறகு எம் பேத்தி ஒடம்புல யாரு ரத்தம் ஓடும்?"

"கொடுத்த குழந்தையோட ரத்தம்தாங்க. இனிமே ஊறுறது எல்லாமே அதுதான். குரூப்பே மாறிடும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"அப்படியாப்பட்ட ஆயுசு எங்களுக்கு வேண்டாம்" என்று போனை வைத்தார். இதைச் சொன்ன வாயில் புழு விழவில்லை. கை கழுவிவிட்டு ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டார்.

"மாமா, பிள்ளை செத்துப்போகும்" என்றாள் அழகுமீனா.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துருக்கேன், அவ பாத்துக்குவா. இல்ல, போனாப் போகட்டும். நாளைக்கு இவள எந்த வீட்டுல எடுப்பாக?"

கணவன் மணிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பேசும்போது தரையைப் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். மாமியார் பஞ்சம்மாள் மட்டும், "அவுக சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அழகுமீனா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். பெற்றவள் கையெழுத்துப் போதும் என்றார்கள். போட்டாள்.

நாலு மாதம் ஆஸ்பத்திரியிலும் அதன் பக்கத்து வாடகை அறையிலும் கழிந்தது. பிள்ளைக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாகிப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு ஒருநாள் டாக்டர் சிரித்தார். ரத்தம் பிடித்துக்கொண்டது. அழகுமீனா அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ரோஜாவின் காலில் போய் விழ வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

மணிமுத்து கார் எடுத்து வந்து கூட்டிப் போனான். சொர்ணலட்சுமி இறங்கியதும் "தாத்தா" என்று ஓடினாள். மொக்கைச்சாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார். பிள்ளை தாகம் என்றாள். பஞ்சம்மாள் செம்பை எடுத்து வந்து, "கையக் குவி தாயி" என்று ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. தண்ணீர் முழங்கை வழியே ஒழுகியது.

அழகுமீனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமியாரை என்னென்னவோ கேட்டாள். மனுசியா நீங்க என்று கேட்டாள். மகளை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இந்த வீடு வேண்டாம், நாளைக்கே கிளம்பிவிடுவோம் என்று மகளிடம் சொன்னாள்.

பிள்ளைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வரும் வழியில் அப்பா வாங்கிக் கொடுத்த சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். எத்தனையோ மாதம் கழித்து நாக்கில் பட்ட காரம், கண்ணை மூடி ரசித்தாள். பிறகு கடித்த மிச்சத்தை அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீயும் தின்னும்மா."

பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் எச்சிலைத் தின்று வளர்ந்த வாய் அது. இப்போது திறக்கவில்லை. ஒரு கணம்தான். கிருமி ஒட்டும், எச்சில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று அழகுமீனா தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொன்னது பிள்ளை பிறர் எச்சிலைத் தின்னக்கூடாது என்றுதான். அது அவளுக்கே தெரியும். சட்டென்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு சேவில் கை படாமல் பொட்டலத்தைக் குலுக்கி, கடிக்காத சேவு ஒன்றைத் தரையில் தள்ளி, "இத எடுத்துக்கோம்மா" என்றது.